அடைப்பின் சதவீதமும் சுவரின் விறைப்பும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவு ஒன்றின் திருத்திச் சுருக்கிய எழுத்து வடிவம்)



இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார் பேச்சாளருக்கு வைத்திருக்கும் நிபந்தனைகள் இரண்டுதான். பேச்சு தமிழில் இருக்க வேண்டும். உயிர்வேதியியல் படிக்காதவர்களும் கடைசிவரை உடன் வர வேண்டும். அந்த நிபந்தனைகளை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டு வந்திருக்கிறேன்.

கழுத்துக்கு ஸ்கேன் எடுத்த எவரும், அவர் வீட்டார் எவரும், முதலில் கேட்கும் கேள்வி: “எத்தனை பர்சென்ட் அடைப்பு சார்?” ஐம்பது என்றால் சற்று நிம்மதி. எண்பது என்றால் வீடே கலங்கிப்போகும். மருத்துவர்களாகிய எங்களையும் இந்த ஒற்றை எண்தான் ஆண்டுகொண்டிருக்கிறது. அந்த எண்ணுக்கு உரிய இடத்தை மட்டும் கொடுத்துவிட்டு, அது சொல்லாமல் விடுவதைப் பேசுவதே இன்றைய என் நோக்கம்.

கரோட்டிட் என்னும் கழுத்துத் தமனி, குரல்வளையின் மேல்விளிம்பு உயரத்தில் இரண்டாகப் பிரிகிறது. வெளிக்கிளை முகத்துக்கும் தலைத்தோலுக்கும் போகிறது. உட்கிளை மூளைக்குப் போகிறது. பிரியும் இடத்தில் தமனி சற்றே புடைத்திருக்கும். அந்தப் புடைப்பின் சுவருக்குள் கொழுப்பும் நாரும் சுண்ணாம்பும் இறந்த செல்களும் சேர்ந்து திரள்வதையே படிவு என்கிறோம். படிவு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து, அந்த உறைவில் ஒரு துணுக்கு மூளைக்குப் போய்ச் சிக்கினால் பக்கவாதம்.

நான் இன்று முன்வைக்கும் கருத்து இதுதான். படிவு தமனித் துவாரத்தின் நோய் என்று நினைத்துப் பழகிவிட்டோம். அது சுவரின் நோய். ரத்தத்திலும் திசுவிலும் கிடைக்கும் மூலக்கூறு குறிகாட்டிகளும், சுவரின் விறைப்பை அளக்கும் எண்களும், அந்த ஒரே நோய் விட்டுச்செல்லும் இரு தடயங்கள். ஒன்றை விட்டு மற்றொன்றைப் படித்தால் தவறான முடிவுக்குப் போவோம். இதை ஆறு பகுதிகளாகச் சொல்கிறேன்.

1. சதவீதம் எப்படி ஆட்சிக்கு வந்தது

கழுத்துத் தமனி அடைப்பையும் பக்கவாதத்தையும் உறுதியாக இணைத்துக் காட்டியவர் கனடாவைச் சேர்ந்த மில்லர் ஃபிஷர். பக்கவாதத்தில் இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்த பலர் கழுத்தைத் திறந்து பார்ப்பதில்லை. ஃபிஷர் பார்த்தார். 1951இல் மான்ட்ரியலிலிருந்து அவர் எழுதிய கட்டுரை, இந்த அடைப்பை அறுவைச் சிகிச்சையால் சரிசெய்யும் காலம் வரும் என்ற நம்பிக்கையையும் சொன்னது. அடுத்த மூன்றாண்டுக்குள் அது நடந்தது. 1953இல் ஹூஸ்டனில் மைக்கேல் டிபேக்கி படிவைச் சுரண்டி எடுத்தார். 1954இல் லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் ஈஸ்ட்காட், பிக்கரிங், ராப் மூவரும் அடைபட்ட பகுதியை வெட்டி நீக்கித் தமனியை இணைத்தார்கள்.

யாருக்கு இந்த அறுவை தேவை என்ற வாதம் ஏறத்தாழ 40 ஆண்டு நீடித்தது. 1991இல் வெளிவந்த வட அமெரிக்க ஆய்வு அதற்கு விடை தந்தது. ஏற்கெனவே பக்கவாத அறிகுறி வந்து, 70 சதவீதத்துக்கு மேல் அடைப்பும் உள்ளவர்களில், மருந்து மட்டும் பெற்ற குழுவில் இரண்டாண்டுக்குள் அதே பக்கத்துப் பக்கவாதம் வந்தவர்கள் 26 சதவீதம். அறுவை செய்துகொண்ட குழுவில் 9 சதவீதம். மருத்துவத்தில் இவ்வளவு பெரிய வித்தியாசம் அரிது. அந்த எண்கள் பல உயிர்களைக் காத்தன. அவற்றைக் குறைத்துப் பேச எனக்கு எண்ணமில்லை.

அறிகுறியே இல்லாதவர்களிடம் இதே அளவுகோலை வைத்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. 1995இல் வெளியான ஆய்வில், 60 சதவீதத்துக்கு மேல் அடைப்பு இருந்தும் அறிகுறி இல்லாதவர்களுக்கு ஐந்தாண்டில் பக்கவாத ஆபத்து 11 சதவீதம்; அறுவை அதை 5.1ஆகக் குறைத்தது. கணக்கைத் திருப்பிப் பாருங்கள். அறுவை செய்யாமல் விட்ட நூறு பேரில் 89 பேருக்கு அந்தப் பக்கவாதம் வரவில்லை. அந்த 89 பேர் யார், மீதி 11 பேர் யார்? சதவீதம் இதைச் சொல்லாது. நூறு பேருமே 60 சதவீதத்தைத் தாண்டியவர்கள்தானே!

இன்னொரு செய்தியும் உண்டு. சதவீதம் கணக்கிட அமெரிக்க முறை ஒன்று, ஐரோப்பிய முறை ஒன்று என இரண்டு முறைகள் நிலவின. குறுகிய இடத்தை, அதற்கு மேலேயுள்ள இயல்பான தமனியோடு ஒப்பிடுவது முதல் முறை. அதே இடத்தில் படிவு இல்லாதிருந்தால் எவ்வளவு அகலம் இருந்திருக்கும் என்று மதிப்பிட்டு ஒப்பிடுவது இரண்டாவது. முதல் முறையில் 50 என வருவது இரண்டாவதில் ஏறக்குறைய 70 என வரும். ஒரே கழுத்து, ஒரே படிவு. ஆகவே ஸ்கேன் அறிக்கையில் எந்த முறை என்று எழுதாத சதவீதத்தை நான் பாதி அறிக்கையாகவே எடுத்துக்கொள்கிறேன்.

துவாரம் குறுகுவது நோயின் தொடக்கமும் அல்ல. சிகாகோவில் சீமோர் கிளாகோவ் 1987இல் இதயத் தமனிகளில் காட்டிய உண்மை இன்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. சுவருக்குள் படிவு வளரும்போது தமனி வெளிப்புறமாக விரிந்து அதற்கு இடம் கொடுக்கிறது. உள்வட்டப் பரப்பில் சுமார் 40 சதவீதத்தைப் படிவு பிடித்துக்கொண்ட பிறகே துவாரம் சுருங்கத் தொடங்குகிறது. அதற்குள் நோய் பல ஆண்டு முதிர்ந்துவிடும்.

2. சுவரும் அதன் விறைப்பும்

இதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் பெருந்தமனியும் கழுத்துத் தமனியும் விரிந்து மீள்கின்றன. விரியும்போது ரத்தத்தின் ஒரு பகுதியைத் தாங்கி வைத்து, மீளும்போது அதை முன்னே தள்ளுகின்றன. இதயம் விட்டுவிட்டு அடித்தாலும் மூளையின் நுண்குழாய்களில் ரத்தம் சீராக ஓடுவது இதனால்தான்.

விரிந்து மீள உதவுவது எலாஸ்டின் என்ற புரதம். ஓர் அளவுக்கு மேல் விரியாமல் இழுத்துப் பிடிப்பது கொலாஜன். கொலாஜன் நார் எலாஸ்டினைவிட நூறு மடங்குக்கு மேல் விறைப்பானது. கொலாஜனை உடல் வாழ்நாள் முழுதும் புதுப்பித்துக்கொள்ளும். எலாஸ்டின் அப்படியல்ல. கருவின் பிற்பகுதியிலும் குழந்தைப் பருவத்திலும் நெய்யப்பட்டதே பெரும்பாலும் முதுமை வரை நமக்குக் கிடைக்கும் இருப்பு. 1997இல் மார்ட்டின், கிரீன்வால்ட் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ஒரு கருதுகோளை முன்வைத்தார்கள்: கருவில் போதிய ஊட்டமின்றி வளரும் குழந்தையின் தமனிச் சுவரில் எலாஸ்டின் குறைவாகவே உருவாகிறது, பிற்கால உயர் ரத்த அழுத்தத்தின் வேர்களில் ஒன்று அங்கே இருக்கலாம். இது இன்னும் கருதுகோள்தான். ஆனாலும், 2.5 கிலோவுக்குக் குறைந்த எடையில் குழந்தைகள் நிறையப் பிறக்கும் நம் நாட்டில் இருந்துகொண்டு இதைப் படித்துவிட்டு அமைதியாக இருக்க என்னால் முடிவதில்லை. தாயின் உணவு, அறுபது வயதில் வரும் பக்கவாதத்தோடு தொடர்புடைய விஷயமாக இருக்கலாம் என்றால், பிரசவ வார்டும் நரம்பியல் வார்டும் ஒன்றோடொன்று பேச வேண்டும்.

வயதாக ஆக, அழுத்தம் கூடக் கூட, எலாஸ்டின் அடுக்குகள் நைந்து அறுகின்றன. சுமை கொலாஜனுக்கு மாறுகிறது. நீரிழிவு உள்ளவர்களிடம் சர்க்கரை மூலக்கூறுகள் கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து மேலும் இறுக்குகின்றன. சுவர் விறைத்துப்போகிறது.

இதை எப்படி அளப்பது? இதயம் அடித்ததும் தமனிச் சுவர் வழியே ஓர் அழுத்த அலை ஓடுகிறது. ரத்தம் ஓடும் வேகம் வேறு, இந்த அலை ஓடும் வேகம் வேறு. அலை பன்மடங்கு வேகமானது. ஒரே மோட்டாரோடு ரப்பர்க் குழாயையும் இரும்புக் குழாயையும் பொருத்தினால், மோட்டாரின் ஒவ்வொரு உதைப்பும் இரும்பில் அப்படியே மறுமுனைக்குப் போகும். ரப்பர் அதைப் பாதியில் உள்வாங்கிவிடும். தமனியிலும் அப்படியே. நெதர்லாந்தின் மோயன்ஸும் கோர்த்தவேக்கும் 1878இல் இதற்குச் சமன்பாடு தந்தார்கள். சுவர் எவ்வளவு விறைப்போ, எவ்வளவு தடிப்போ, அலை அவ்வளவு விரைவு. கழுத்தில் ஓர் உணர்கருவி, தொடை இடுக்கில் ஓர் உணர்கருவி, இரண்டுக்கும் இடையே அலை எடுத்துக்கொண்ட நேரம்: அளவு கிடைத்துவிடும். இளைஞர்களிடம் வினாடிக்கு 5, 6 மீட்டர். 10 மீட்டரைத் தாண்டினால் எச்சரிக்கை என்று ஐரோப்பிய நிபுணர் குழு 2012இல் வரையறுத்தது. அதற்கு முன்பே, 2010இல் ஏதென்ஸிலிருந்து விளாகோபுலோஸ் குழுவினர் 17 ஆய்வுகளைத் தொகுத்து, அலை வேகம் வினாடிக்கு ஒரு மீட்டர் கூடினால் இதய, ரத்தக்குழாய் நோய் நிகழ்வுகள் 14 சதவீதம் கூடுவதாகக் காட்டியிருந்தார்கள். வயதையும் மற்ற ஆபத்துக் காரணிகளையும் கழித்த பிறகு கிடைத்த எண் அது.

3. படிவு ஏன் அந்த வளைவில் விளைகிறது

கொலஸ்ட்ரால் ரத்தம் முழுவதும் ஓடுகிறது. சர்க்கரையும் அப்படியே. பிறகு ஏன் தமனி பிரியும் இடத்திலேயே, அதிலும் புடைப்பின் வெளிச்சுவரிலேயே படிவு வருகிறது?

1983இல் சரின்ஸ், கிடன்ஸ் குழுவினர் மனிதக் கழுத்துத் தமனிகளையும் அவற்றின் மாதிரி வடிவங்களில் நீரோட்டத்தையும் ஒப்பிட்டார்கள். ரத்தம் வேகமாக உரசிச் செல்லும் உட்சுவர் பெரும்பாலும் சுத்தமாக இருந்தது. ஓட்டம் மந்தப்பட்டு, முன்னும் பின்னுமாகத் தடுமாறும் வெளிச்சுவரில் படிவு தடித்திருந்தது. வேகமான உரசல் கேடு செய்யும் என்று எண்ணியவர்களுக்கு இது நேர்மாறான விடை.

சுவரின் உள்விரிப்பாக அமைந்த எண்டோதீலியம் என்ற ஒற்றைச் செல் அடுக்கு, உரசலை உணரும் திறன் கொண்டது. அதன் சவ்வில் பீசோ-1 என்ற புரதம் இருக்கிறது. இழுபடும்போது திறந்து கால்சியத்தை உள்ளே விடுகிறது. பீசோ புரதங்களை 2010இல் கண்டறிந்த ஆர்டெம் பட்டாபூட்டியன் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சீரான உரசல் இருக்கும் இடத்தில் இந்தச் செல்கள் நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து சுவரைத் தளர்த்துகின்றன. அழற்சியைக் கட்டுப்படுத்தும் மரபணுக்களை இயக்குகின்றன. ஓட்டம் தடுமாறும் இடத்தில் அந்தக் காவல் குலைகிறது. வெள்ளணுக்கள் ஒட்டிக்கொள்வதற்கான புரதங்கள் செல்லின் மேல் முளைக்கின்றன.

இனிமேல் சொல்வதுதான் இந்தச் சொற்பொழிவின் மையம். செல்கள் மேலே ஓடும் ரத்தத்தை மட்டும் உணர்வதில்லை. தங்கள் காலடியில் இருக்கும் சுவரின் விறைப்பையும் உணர்கின்றன. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2011இல் ஒரு சோதனை நடந்தது. இளந்தமனி அளவுக்கு மென்மையான ஜெல்லிலும் முதிர்தமனி அளவுக்கு விறைப்பான ஜெல்லிலும் எண்டோதீலியம் செல்களை வளர்த்தார்கள். விறைப்பான ஜெல்லில் செல்களுக்கு இடையே இணைப்பு நெகிழ்ந்தது, கசிவு கூடியது, வெள்ளணுக்கள் அதிகமாக ஊடுருவின. ரசாயனத்தில் எந்த மாற்றமும் செய்யவில்லை. மாற்றியது விறைப்பை மட்டுமே.

இதோடு பழைய கண்டுபிடிப்பு ஒன்றையும் சேர்த்துப் பாருங்கள். 1980இல் ராபர்ட் சீனியரும் உடன் ஆய்வாளர்களும் எலாஸ்டின் அறுந்து உதிரும் துண்டுகள் மோனோசைட் என்ற வெள்ளணுக்களைத் தம்மை நோக்கி ஈர்ப்பதைக் காட்டினார்கள். ஈர்க்கப்பட்டு வந்த வெள்ளணு சுவருக்குள் புகுந்து மேக்ரோஃபேஜாக மாறுகிறது. அது எலாஸ்டினை அறுக்கும் நொதிகளைச் சுரக்கிறது. மேலும் துண்டுகள், மேலும் வெள்ளணுக்கள், மேலும் விறைப்பு, மேலும் கசிவு. கசிவின் வழியே கெட்ட கொழுப்பு உள்ளே போய்த் தங்குகிறது.

விறைப்பு முதலா, படிவு முதலா என்று மாணவர்கள் கேட்பார்கள். இரண்டும் ஒன்றையொன்று வளர்ப்பவை என்பதே என் விடை. எந்த முனையில் தொடங்கினாலும் நோய் மறுமுனையையும் பற்றிக்கொள்ளும்.

4. மூலக்கூறுகளின் சாட்சியம்

மூலக்கூறு குறிகாட்டிகளின் பட்டியல் நீண்டது. நாளுக்கு நாள் நீள்கிறது. அவை அனைத்தையும் இங்கே வாசிக்கப் போவதில்லை. சுவரில் நடப்பதோடு நேரடித் தொடர்புள்ள மூன்று வகைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதல் வகை, அறுக்கும் நொதிகள். மேட்ரிக்ஸ் மெட்டலோபுரோட்டினேஸ் என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. 1994இல் ஸோரினா காலிஸும் பீட்டர் லிபியும் மனிதப் படிவுகளில், எளிதில் உடையும் ஓரப்பகுதிகளில் இந்த நொதிகள் மிகுந்து செயல்படுவதைக் காட்டினார்கள். 2000இல் இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து வந்த ஆய்வு இன்னும் நெருக்கமானது. அறுவையில் எடுத்த கழுத்துத் தமனிப் படிவுகளை அவர்கள் ஆராய்ந்தார்கள். நிலைகுலைந்த படிவுகளில் இக்குடும்பத்தின் ஒன்பதாம் நொதி கூடியிருந்தது. படிவின் மேல்மூடியைத் தாங்கும் நாரையும், சுவரின் மீள்தன்மையைத் தாங்கும் எலாஸ்டினையும் இதே குடும்பத்து நொதிகள்தான் அறுக்கின்றன. வெடிப்புக்கும் விறைப்புக்கும் ஒரே இடத்தில் வேர் இருப்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று எனக்குத் தெரியாது.

இரண்டாம் வகை, சுண்ணாம்பைக் கையாள்பவை. தமனியில் சுண்ணாம்பு படிவது வெறும் தேய்மானம் என்றே நெடுங்காலம் நம்பினோம். 1993இல் லிண்டா டெமர் குழுவினர் மனிதத் தமனிப் படிவில் எலும்பை உருவாக்கும் புரதம் ஒன்றைக் கண்டார்கள். சுவரின் தசைச்செல்கள் எலும்புச்செல்களைப் போல நடந்துகொள்ளத் தொடங்குகின்றன. இதைத் தடுக்கும் காவலும் உடலில் உண்டு. மேட்ரிக்ஸ் ஜிஎல்ஏ புரதம் அவற்றுள் ஒன்று; அது வேலை செய்ய வைட்டமின் கே வேண்டும். 1997இல் இந்தப் புரதம் இல்லாத எலிகளை உருவாக்கினார்கள். அவற்றின் தமனிகள் சுண்ணாம்பாகி, இரண்டு மாதத்துக்குள் அவை இறந்தன. இதைப் படித்துவிட்டு வைட்டமின் கே மாத்திரை வாங்க யாரும் ஓட வேண்டாம். மனிதரிடம் அது பக்கவாதத்தைக் குறைக்கும் என்று நிறுவப்படவில்லை. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு அது ஆபத்தாகவும் முடியும்.

மூன்றாம் வகை, அழற்சியைக் காட்டுபவை. சி-ரியாக்டிவ் புரதம், அதாவது சி.ஆர்.பி., நீங்கள் எல்லோரும் கேள்விப்பட்டது. இங்கே சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது. குறிகாட்டி ஆய்வுகள் முழுமைக்கும் இது பாடம்.

சி.ஆர்.பி. கூடியவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் வருவதை பால் ரிட்கர் 1997இல் காட்டினார். அப்படியானால் சி.ஆர்.பி.தான் நோயை உண்டாக்குகிறதா? பிறவியிலேயே சி.ஆர்.பி. கூடுதலாக உள்ள மரபணு அமைப்பைக் கொண்டவர்களை ஆராய்ந்தார்கள். அவர்களுக்கு இதய நோய் கூடுதலாக வரவில்லை. 2011இல் வெளியான பெரிய தொகுப்பாய்வு இதை உறுதிப்படுத்தியது. ஆக, சி.ஆர்.பி. செய்தி சொல்வது; குற்றம் செய்வது வேறொன்று. அந்த வேறொன்றைத் தேடி மேலே போனால் இன்டர்லூக்கின்-6 என்ற அழற்சித் தூதுப் புரதம், அதற்கும் மேலே இன்டர்லூக்கின்-1 பீட்டா. 2017இல் வெளியான கான்டோஸ் ஆய்வில், மாரடைப்பு வந்து சி.ஆர்.பி. கூடியிருந்த 10,061 பேரில் இன்டர்லூக்கின்-1 பீட்டாவைத் தடுக்கும் மருந்தைச் சோதித்தார்கள். 150 மில்லிகிராம் அளவில் இதய, ரத்தக்குழாய் நோய் நிகழ்வுகள் 15 சதவீதம் குறைந்தன. கொழுப்பின் அளவு குறையவே இல்லை. அழற்சியைத் தொட்டால் நோய் குறையும் என்பதற்கு மனிதரிடம் கிடைத்த நேரடிச் சான்று அது. ஆனால் உயிரைப் பறிக்கும் தொற்றுகளும் சற்றுக் கூடின. சுவரைக் காக்கப் போய் உடலின் காவலைக் குறைத்துவிடக் கூடாது என்பதையும் அதே ஆய்வு சொன்னது.

தோல்வியடைந்த கதையும் உண்டு. கெட்ட கொழுப்போடு ஒட்டிப் பயணிக்கும் ஒரு பாஸ்ஃபோலிப்பேஸ் நொதி, படிவு நோயோடு நெருங்கிய தொடர்பு காட்டியது. அதைத் தடுக்க டாராப்ளாடிப் என்ற மருந்து வந்தது. ஏறத்தாழ 16,000 பேரிடம் சோதித்து 2014இல் முடிவு வந்தபோது முதன்மை இலக்கில் பயனில்லை என்று தெரிந்தது. தொடர்பு இருந்தது, காரணம் அங்கே இல்லை.

ஆகவே புதிய குறிகாட்டி பற்றிய கட்டுரை கைக்கு வரும்போது என் மாணவர்களை மூன்று கேள்வி கேட்கச் சொல்கிறேன். இந்த மூலக்கூறு காரணமா, சாட்சியா? கழுத்துச் சுவரிலிருந்து வந்ததா, வேறு உறுப்பிலிருந்து வந்ததா? இதன் அளவு தெரிந்தால் நாளைக்கு நோயாளிக்கு நான் செய்யப்போவது மாறுமா? இரண்டாவது கேள்வியில்தான் பெரும்பாலான கட்டுரைகள் தடுக்கி விழுகின்றன. பல்லீறு வீங்கினாலும், மூட்டு வீங்கினாலும் சி.ஆர்.பி. ஏறும். ரத்தக் குழாயில் எடுத்த ஒரு துளி, நோய் எந்த இடத்தில் என்று சொல்லாது.

5. இரண்டையும் சேர்க்கும்போது

இடத்தைச் சொல்வது விறைப்பு. டாப்ளர் ஸ்கேன் எடுக்கும் அதே மேசையில், அதே ஒலியலைக் கருவியால், கழுத்துத் தமனி ஒவ்வொரு துடிப்புக்கும் எவ்வளவு விரிகிறது என்று அளக்கலாம். நெதர்லாந்தின் வான் ஸ்லோட்டன் குழுவினர் 2015இல் பல ஆய்வுகளைத் தொகுத்து, கழுத்துத் தமனியின் விறைப்பு பக்கவாதத்தோடு தொடர்புடையது, பெருந்தமனியின் விறைப்பைக் கழித்த பிறகும் அந்தத் தொடர்பு நிற்கிறது என்று காட்டினார்கள். மூளைக்கு இவ்வளவு அருகில் உள்ள குழாய் விறைத்தால், துடிப்பின் அதிர்ச்சி தணியாமல் மூளையின் நுண்குழாய்களுக்குள் போய் இடிக்கும். ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் முதியவர்களிடம் நடந்த ஆய்வு, தமனி விறைப்பும் மூளையில் ஏற்படும் சேதமும் நினைவாற்றல் குறைவும் சேர்ந்து வருவதை 2011இல் எழுதியது. ஆகவே இது பக்கவாதத்தோடு முடியும் கதை அல்ல; மறதி நோய்க்கும் இங்கே ஒரு வாசல் இருக்கிறது.

நம் ஊரிலும் இந்தப் பணி நடந்திருக்கிறது. சென்னை நகர மக்கள்தொகை ஆய்வில், நீரிழிவு உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் வைத்துக் கழுத்துத் தமனியின் சுவர்த் தடிப்பு, விறைப்பு, கைத்தமனி விரியும் திறன் மூன்றையும் ஒருசேர அளந்தார்கள். 2002இல் வெளியான முடிவு: நீரிழிவுள்ளவர்களுக்குச் சுவர் தடித்தும் விறைத்தும் இருந்தது; விரியும் திறன் குறைந்திருந்தது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023இல் வெளிவந்த தேசிய ஆய்வு சொல்கிறது. இந்த இரு ஆய்வுகளையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்க வேண்டும்.

விறைப்பு காரணத்தைச் சொல்லாது. எலாஸ்டின் அறுந்ததாலா, கொலாஜன் பிணைந்ததாலா, சுண்ணாம்பு ஏறியதாலா என்று அலை வேகத்துக்குத் தெரியாது. அழுத்தம் கூடிய நேரத்தில் அளந்தாலே வேகம் கூடிவிடும். சுண்ணாம்பிலும் இரு முகம் உண்டு. பெரிய பாளமாக உறைந்த சுண்ணாம்பு படிவை ஓரளவு நிலைப்படுத்தும். மேல்மூடிக்குள் புதைந்த மிக நுண்ணிய சுண்ணாம்புத் துகள், தன்னைச் சுற்றியுள்ள இழுவிசையை இரண்டு மடங்காக்கக்கூடும் என்று நியூயார்க்கின் வைன்பாம் குழுவினர் 2006இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். இரண்டிலும் சுவர் விறைக்கும். ஒன்றில் நோயாளி பல ஆண்டு நலமாக இருப்பார். இன்னொன்றில் அடுத்த வாரமே வெடிக்கலாம். இவற்றைப் பிரித்தறிய மூலக்கூறு வேண்டும். அந்த மூலக்கூறு எந்தச் சுவருக்கு உரியது என்று அறிய விறைப்பு வேண்டும்.

6. நம் கையில் இருப்பவை

விலை உயர்ந்த கருவி வந்த பிறகுதான் இதெல்லாம் முடியும் என்று நினைத்தால் தவறு. ரத்த அழுத்தம் பார்க்கும்போது மேல் எண், கீழ் எண் என இரண்டு கிடைக்கின்றன. மேல் எண்ணிலிருந்து கீழ் எண்ணைக் கழியுங்கள். அது நாடி அழுத்தம். ஐம்பது வயதுக்குப் பிறகு தமனி விறைக்க விறைக்க மேல் எண் ஏறும், கீழ் எண் இறங்கும், இடைவெளி அகலும். அமெரிக்காவின் நீண்டகால ஃபிராமிங்ஹாம் ஆய்வின் தரவுகளிலிருந்து இதை ஸ்டான்லி ஃபிராங்க்ளின் 1997, 1999 ஆண்டுகளில் தெளிவாகக் காட்டினார். 150/80 என்று எழுதியதைப் பார்த்து “கீழ் நல்லாத்தான் இருக்கு” என்று ஆறுதல் சொல்கிறோமே, அந்த இடைவெளி 70. முதியவர்களில் 60ஐத் தாண்டினாலே தமனி விறைத்திருப்பதன் அடையாளமாக ஐரோப்பிய வழிகாட்டி நெறிமுறை எடுத்துக்கொள்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் வீடு வீடாகப் போய் அழுத்தம் பார்க்கும் சகோதரிகள் ஏற்கெனவே இந்த இரண்டு எண்களையும் எழுதுகிறார்கள். மூன்றாவதாக இந்த வித்தியாசத்தையும் அட்டையில் எழுதினால், விறைப்பின் முதல் அளவு செலவில்லாமல் கிடைத்துவிடும்.

மூலக்கூறுகளில் லிப்போபுரோட்டீன்-ஏ என்ற ஒன்றை மட்டும் இன்றே பரிந்துரைப்பேன். 1963இல் நார்வேயின் கோரே பெர்க் கண்டறிந்தது. அளவைப் பெரும்பாலும் மரபணுவே தீர்மானிக்கிறது. வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும். தெற்காசியரிடம் இதனால் வரும் ஆபத்து குறிப்பிடத்தக்கது. தந்தைக்கோ தாய்க்கோ இளவயதில் மாரடைப்போ பக்கவாதமோ வந்திருந்தால் கட்டாயம் பாருங்கள்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நம் மக்களிடம் பக்கவாதத்துக்குக் காரணமான அடைப்பு கழுத்தில் மட்டுமன்றி, மண்டையோட்டுக்குள் இருக்கும் தமனிகளிலும் நிறைய வருகிறது. மேற்கத்திய நாடுகளின் கழுத்துத் தமனி ஆய்வுகளை அப்படியே எடுத்து நம் மேல் பொருத்த முடியாததற்கு இது முக்கியக் காரணம். நமக்கு நம் தரவு வேண்டும்.

அதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரில் 2002இல் ஒரு திசு வங்கியைத் தொடங்கினார்கள். கழுத்துத் தமனி அறுவையில் எடுக்கும் படிவை நோயாளியின் ஒப்புதலோடு சேமித்து, அவரைப் பல ஆண்டு தொடர்ந்து கவனிக்கிறார்கள். கழுத்திலிருந்து எடுத்த படிவுக்குள் ஆஸ்டியோபான்டின் என்ற புரதம் எவ்வளவு இருந்தது என்பதைக் கொண்டு, உடலின் வேறு இடங்களில் பின்னால் வரவிருக்கும் ரத்தக்குழாய் நிகழ்வுகளை ஓரளவு முன்னறிய முடிந்ததை 2010இல் அவர்கள் வெளியிட்டார்கள். ஒரே படிவு, முழு உடலின் செய்தியைச் சுமந்திருந்தது. இத்தாலியில் 2024இல் இதே முறையில்தான் கழுத்துத் தமனிப் படிவுக்குள் நுண்பிளாஸ்டிக் துகள்களைக் கண்டார்கள். அவை இருந்தவர்களுக்கு நிகழ்வுகள் கூடுதலாக வந்தன. பிளாஸ்டிக்தான் காரணம் என்று அந்த ஆய்வு நிறுவவில்லை. ஆனால் திசுவைச் சேமித்து வைத்திருந்ததால்தான் அந்தக் கேள்வியையே கேட்க முடிந்தது.

தமிழ்நாட்டின் அறுவை அரங்குகளிலும் இந்தப் படிவுகள் எடுக்கப்படுகின்றன. அறுவைக்கு முதல் நாள் நோயாளியின் நாடி அலை வேகத்தையும் கழுத்துத் தமனியின் விரிவையும் அளந்துவைக்கலாம். ஒரு குழாய் ரத்தத்தை உறைநிலையில் வைக்கலாம். எடுத்த படிவைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியை நோயியல் துறைக்கும் மறு பாதியைக் குளிர்பெட்டிக்கும் அனுப்பலாம். விறைப்பையும் மூலக்கூறையும் ஒரே மனிதரிடம், ஒரே சுவரில், ஒரே வாரத்தில் அளந்த தரவு உலகில் எங்குமே குறைவு. நம் மக்களிடமிருந்து அப்படிப்பட்ட தரவு வந்தால் அதன் மதிப்பு பெரிது.

இந்த அரங்கில் அறுவைச் சிகிச்சை நிபுணர்கள் இருக்கிறீர்கள், உயிர்வேதியியலாளர்கள் இருக்கிறீர்கள், ஸ்கேன் எடுப்பவர்கள் இருக்கிறீர்கள். உங்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள் இதுதான்: அடுத்த கழுத்துத் தமனி அறுவைக்கு நாள் குறிக்கும்போதே மூன்று துறையும் ஒன்றாக உட்காருங்கள், நோயாளியிடம் தமிழில் விளக்கி ஒப்புதல் வாங்குங்கள், எடுக்கும் படிவைச் சேமித்து வையுங்கள்.